நீலகிரியில் முதல் கள ஆய்வு: மண்ணும் நீரும் செடியும் அளக்க வரும் மாணவருக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதுகலை மாணவி தன் ஆய்வேட்டின் முதல் படியைக் கொண்டுவந்து காட்டினாள். ஊட்டிக்கு மேலே, வீடோ தோட்டமோ இல்லாத ஓர் ஓடை. தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 7.4 மில்லிகிராம். பாடப்புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் 15 டிகிரிக்கு 10.1 என்று இருந்தது. கிட்டத்தட்ட மூன்று மில்லிகிராம் குறைகிறதே என்று, "ஓடை மாசடைந்துள்ளது" என முடிவுரையில் எழுதிவிட்டாள்.

அவள் அளந்ததில் தவறில்லை. அட்டவணை கடல்மட்டத்துக்கானது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேக நேரம் பிடிப்பதும் இதனால்தான். அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவில் குறையும். 10.1ஐ 0.76 ஆல் பெருக்கினால் 7.7 வருகிறது. அந்த ஓடையில் 7.4 என்றால் 96 விழுக்காடு நிறைவு. அவ்வளவு சுத்தமான ஓடையைத்தான் அவள் மாசு என்று எழுதியிருந்தாள்.

கல்லூரிகளில் நாம் படிக்கும் செய்முறைகளில் பெரும்பகுதி சமவெளி மண்ணையும் சமவெளி ஆற்றையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே மலைமேல் தூக்கிவந்தால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சறுக்கும். எந்தெந்தப் படியில் சறுக்கும், எப்படித் திருத்திக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோவை, ஈரோடு, திருச்சி என்று கீழேயிருந்து இறுதியாண்டுத் திட்டத்துக்காக வரும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், குன்னூரிலும் கோத்தகிரியிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பயன்படும்.

கேள்வி ஒரு சரிவுக்குள் அடங்கட்டும்

"நீலகிரி மாவட்ட மண்வளம் பற்றிய ஆய்வு" என்று தலைப்பு வைத்துக்கொண்டு வராதீர்கள். உங்கள் கையில் இருப்பது நான்கு மாதம், ஒரு பை, பேருந்துக் காசு. அதற்குள் அடங்கும் கேள்விகள் நிறைய இருக்கின்றன. ஒரே சரிவில் தேயிலையும் அதை ஒட்டிச் சீகை (வாட்டில் மரம்) காடும் இருக்கின்றன. மேல்மண்ணின் கரிமம் இரண்டிலும் எவ்வளவு? கேரட் கழுவும் இயந்திரத்துக்கு 50 மீட்டர் மேலேயும் கீழேயும் ஓடைநீரின் கலங்கல் எப்படி மாறுகிறது? ஸ்காட்ச் புரூம் புதர் பரவிய புல்வெளியில் எத்தனை வகைப் புல்பூண்டு மிஞ்சியிருக்கிறது, பரவாத இடத்தில் எத்தனை? ஒரு ஊற்று ஜனவரி முதல் ஏப்ரல் வரை எப்படிச் சுண்டுகிறது?

கடைசிக் கேள்விக்கு ஆய்வகமே தேவையில்லை. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த திட்டம் அது.

காலத்தையும் கவனியுங்கள். நீலகிரி முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கோத்தகிரியும் குன்னூரும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. 2009 நவம்பரில் மண்சரிந்து பல உயிர்கள் போனதும் அந்த மழையில்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல்வெளி கருகி நிற்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மட்டும் மாதிரி எடுத்துவிட்டு "மழைக்காலத்தில் அரிப்பு அதிகம்" என்று எழுத முடியாது. எந்த மாதத்தில் களத்தில் நிற்கிறீர்களோ, கேள்வி அந்த மாதத்துக்கு உரியதாக இருக்கட்டும்.

இன்னொன்று, இதில்தான் பாதி ஆய்வேடுகள் அடிபடுகின்றன. ஒரு சோலையில் (இங்குள்ள இயற்கைக் காட்டில்) பத்து மாதிரி, ஒரு தேயிலைத் தோட்டத்தில் பத்து மாதிரி எடுத்து, பத்துக்குப் பத்து என்று கணக்குப் போட்டு, "சோலை மண் தேயிலை மண்ணைவிட வளமானது" என்று முடிப்பார்கள். உண்மையில் அங்கே ஒப்பிடப்பட்டது ஒரே ஒரு சோலையும் ஒரே ஒரு தோட்டமும்தான். பத்து மாதிரியும் அந்த ஒன்றுக்குள்ளேயே எடுத்தவை. வித்தியாசம் சோலையால் வந்ததா, அந்த இடத்துச் சரிவால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிலப்பயன்பாடும் இருக்கும்படி இணை இணையாகத் தேர்ந்தெடுங்கள். இணைக்குள் இரண்டும் ஒரே உயரம், ஒரே சரிவு, ஒரே திசை பார்த்து இருக்க வேண்டும். மலையில் திசை பெரிய விஷயம். கிழக்கு பார்த்த சரிவில் காலை வெயில் பனியை உருக்கிவிடும், மேற்குச் சரிவில் பகல் வரை ஈரம் நிற்கும்.

அனுமதி வாங்கும் வேலையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

முதுமலை, முக்கூர்த்தி போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரிடம் போக வேண்டும். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் லாங்வுட் சோலை பார்ப்பதற்கு ஊர்த் தோப்பு மாதிரி தோன்றும். ஆனால் அது 116 ஹெக்டேர் காப்புக்காடு, 2024இல் ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கைப்பிடி மண் எடுப்பதற்கும் அங்கே எழுத்து அனுமதி வேண்டும். கடிதம் சுற்றி வர மாதங்கள் ஆகலாம். நான்கு மாதத் திட்டத்துக்கு நான் சொல்வது: பட்டா நிலம், தேயிலைத் தோட்டம், கல்லூரி வளாகம், ஊர்ப் பொது ஊற்று இவற்றில் கேள்வியை அமைத்துக்கொள்ளுங்கள். சோலைதான் வேண்டும் என்றால் முந்தைய ஆண்டே விண்ணப்பியுங்கள்.

பட்டா நிலத்திலும் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். தோடர் குடியிருப்பான மந்துக்கும் படுகர் ஊரான ஹட்டிக்கும் அருகில் கோயில் நிலம், சுடுகாடு, எருமை மேய்ச்சல் நிலம் என்று வெளியாளுக்குத் தெரியாத எல்லைகள் உண்டு. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வேலையை விளக்கிச் சொல்லி, எங்கே போகலாம் எங்கே கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் மேலே வருபவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களை மாதிரிக் குப்பிகளாகக் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் பறிபோகும். ஆய்வகக் குப்பிகளையே கொண்டுவாருங்கள், வழிகாட்டியின் கடிதம் ஒன்றும் பையில் இருக்கட்டும். மண்ணுக்குத் துணிப்பை போதும்.

செலவுக்கு வழி கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது. கல்லூரி வழியாக, வழிகாட்டியின் கையொப்பத்துடன் விண்ணப்பிக்க வேண்டும்.

கருவி இல்லாமல் ஒரு நாள்

முதல் நாள் கருவி எதையும் எடுக்காமல் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் மட்டும் கொண்டுபோங்கள். பென்சில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் திட்டத்தில் முப்பத்தாறு மண் பைகளுக்கும் மைப்பேனாவில் சீட்டு எழுதிப் போட்டேன். கேத்தியிலிருந்து இறங்குவதற்குள் மூடுபனியின் ஈரத்திலும் மண்ணின் ஈரத்திலும் மை பரவி, பதினொரு சீட்டுகளைப் படிக்க முடியவில்லை. அந்தப் பதினொன்றையும் கீழே கொட்டினேன். பென்சில் எழுத்து நனைந்தாலும் அழியாது. சீட்டு ஒன்று பைக்குள்ளே, ஒன்று பைக்கு வெளியே, அதே எண் நோட்டிலும்.

அந்த நாளில் ஓடையை அடியிலிருந்து ஊற்றுக்கண் வரை நடந்து பாருங்கள். எங்கே குழாய் வைத்து உறிஞ்சுகிறார்கள், எங்கே துணி துவைக்கிறார்கள், எங்கே எரு குவித்திருக்கிறார்கள் என்று கையால் ஒரு வரைபடம் போடுங்கள். எதிர்ப்படுபவர்களிடம் பேசுங்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் ஒருமுறை மாணவர்களோடு ஒரு கேரட் தோட்டத்தில் இறங்கினோம். குழி தோண்ட ஒரு பையன் குனிந்ததும் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"கண்ணு, அங்க எடுக்காத. போன வாரந்தான் கோழி எரு போட்டோம்."

"அப்ப எங்கங்கம்மா எடுக்கறது?"

"அந்தக் கீழ்ப் பாத்திக்குப் போ. அது மூணு மாசமாச் சும்மா கெடக்கு. மேல்பாத்தி மண்ணெல்லாம் மழைக்கு அங்கதான் எறங்கி நிக்குது, அதையும் எழுதிக்கோ."

அவர் சொன்னதை எழுதிக்கொண்டோம். படிக்கட்டு வயலில் மேல்மண் கீழ்ப்பாத்திக்கு இறங்குவதைத் தனியே ஒரு காரணியாகச் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு அதுவரை வரவில்லை. அந்த ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அங்கிருந்துதான் வந்தது.

மண்

மாதிரி எடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே கிடக்கும் இலைச்சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் ஒரு சீவல். வரப்பு, பாதை, எருக்குழி, மர அடி இவற்றைத் தவிர்த்து ஒரு நிலத்தில் 15 முதல் 20 இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்க் கால்களை நீக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும். உரம் போட்ட சூட்டில் எடுக்கக் கூடாது.

மலையில் கூடுதலாக ஒரு கடமை இருக்கிறது. நீலகிரி உருளைக்கிழங்கு நிலங்களில் 1961இல் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் கடுகைவிடச் சின்னவை. கிழங்கே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வந்ததே இதனால்தான். ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குப் போகும் முன் காலணியையும் மண்வெட்டியையும் தேய்த்துக் கழுவுங்கள், கழுவிய மண் அந்தத் தோட்டத்திலேயே விழட்டும். மாதிரி எடுத்து மிஞ்சிய மண்ணை விடுதித் தோட்டத்திலோ கல்லூரிச் செடித்தொட்டியிலோ கொட்டாதீர்கள். ஒரு விவசாயியின் பிழைப்பு உங்கள் காலணியில் ஒட்டிக்கொண்டு வரலாம். இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

அடுத்து உலர்த்துவது. 'நிழலில் இரண்டு நாள் காயவிடவும்' என்று செய்முறையில் இருக்கும். ஜூலையில் ஊட்டியில் நிழலில் வைத்தால் பத்து நாளானாலும் காயாது, பூஞ்சை பூத்துவிடும். அவசரப்பட்டு 105 டிகிரி அடுப்பில் வைத்தால் தழைச்சத்து, மணிச்சத்து அளவுகள் மாறிப்போகும். மெல்லிய பரப்பாகச் செய்தித்தாளில் விரித்து, 40 டிகிரியைத் தாண்டாத வெதுவெதுப்பில் உலர்த்துங்கள், அல்லது அன்றே சமவெளிக்கு அனுப்பி உலர்த்தச் சொல்லுங்கள். உலர்ந்தபின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள்.

இப்போது கரிமம். வாக்லி-பிளாக் முறையில் 1 கிராம் மண், 10 மில்லி டைகுரோமேட், 20 மில்லி அடர் கந்தக அமிலம் என்று மனப்பாடமாகச் செய்வோம். சமவெளிச் செம்மண்ணுக்கு அது சரி. குளிரில் இலைதழை மெல்லத்தான் மக்கும் என்பதால் மலைப் புல்வெளி, சோலை மண்ணில் கரிமம் சேர்ந்து கறுத்துக் கிடக்கும். அத்தகைய மண்ணில் 1 கிராம் போட்டுப் பாருங்கள். அமிலம் ஊற்றிச் சுழற்றியதும் ஆரஞ்சு நிறம் கரைந்து, குடுவை முழுவதும் பாசிப்பச்சையாக மாறிவிடும். டைகுரோமேட் மொத்தமும் செலவாகிவிட்டது என்று அந்தப் பச்சை சொல்கிறது. கரிமம் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் தாண்டினாலே 1 கிராமுக்கு அந்த 10 மில்லி போதாது. அதற்கு மேல் தரம்பார்த்து வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. 0.2 கிராமில் தொடங்குங்கள். இன்னும் பச்சையாகவே வந்தால் 0.1க்கு இறங்குங்கள். பச்சை தெரிந்த எந்தக் குடுவையின் எண்ணையும் அட்டவணையில் சேர்க்காதீர்கள்.

கரிமத்தை ஹெக்டேருக்கு டன் கணக்கில் சொல்ல விரும்பினால் மண்ணின் பருமன் அடர்த்தி வேண்டும். பலர் இதை அளக்காமல் 1.3 என்று எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். சோலை மண்ணை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள், பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் 1 கிராமுக்கும் குறைவாக இருப்பது சாதாரணம். 15 சென்டிமீட்டர் ஆழம், கரிமம் 6 விழுக்காடு என்று வையுங்கள். அடர்த்தி 0.8 என்றால் ஹெக்டேருக்கு 72 டன். 1.3 என்று போட்டால் 117 டன். அளக்காத ஓர் எண் 45 டன் கரிமத்தை இல்லாத இடத்தில் உண்டாக்கிவிடுகிறது! 5 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட இரும்பு வளையம் ஒன்றைப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். கொள்ளளவு 98 கன சென்டிமீட்டர். மண்ணில் அமுக்கி எடுத்து, இரு பக்கமும் கத்தியால் மட்டமாகச் சீவி, இந்த மாதிரியை மட்டும் 105 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள்.

மணிச்சத்துக்கு ஓல்சன் முறையைக் கைவிட்டு பிரே முறைக்குப் போங்கள். இங்குள்ள மண் அமில மண். கார அமில நிலை (pH) பார்க்கும்போது மண்ணுக்கும் நீருக்கும் எந்த விகிதம் என்பதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை உகந்தது. அதே எண் கேரட் தோட்டத்தில் வந்தால் சுண்ணாம்போ டோலமைட்டோ கேட்கும் மண் என்று பொருள். ஒரே எண்ணுக்கு இரண்டு பயிரில் இரண்டு அர்த்தம்.

சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மண் நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். முன்கூட்டியே கடிதம் எழுதி, கேள்வியைத் தெளிவாக ஒரே பக்கத்தில் வைத்துப் போனால் நேரம் ஒதுக்கிப் பேசுவார்கள்.

நீர்

ஊற்றைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். 10 லிட்டர் வாளி ஒன்றும் கைப்பேசியின் நிறுத்து கடிகாரமும் போதும். ஊற்றுநீர் முழுவதும் ஒரே குழாயில் விழும்படி மூங்கில் தப்பையோ தகடோ வைத்துக்கொள்ளுங்கள். வாளி நிறைய எத்தனை விநாடி என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம். கூடவே ஒரு மழைமானி வைத்து மழையையும் குறித்துவந்தால், மழை நின்று எத்தனை வாரம் கழித்து ஊற்று இறங்கத் தொடங்குகிறது என்பது தெரியும். மேலே சோலை உள்ள ஊற்றையும் மேலே கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ உள்ள ஊற்றையும் இணைகளாக எடுத்தால் ஊரே காத்திருக்கும் கேள்விக்குப் பக்கத்தில் போகிறீர்கள். 'எங்க சின்ன வயசுல இது வத்தாது' என்று பெரியவர்கள் சொல்வதை எல்லா ஊரிலும் கேட்கலாம். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க எழுதிய எண் எந்த ஊரிலும் கிடைப்பது அரிது. ஒரு பருவத்து எண்ணாவது உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

ஓடையின் ஓட்டம் அளக்க ஓர் ஆரஞ்சுப் பழம் எடுத்துக்கொள்ளுங்கள். அது முக்கால்வாசி மூழ்கி மிதக்கும், காற்று தள்ளாது. நேராக ஓடும் 10 மீட்டரை அளந்து மேல்முனையில் விடுங்கள். 25 விநாடியில் வந்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். மேற்பரப்பு நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடும் என்பதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். பாறையும் கல்லுமாக உள்ள மலை ஓடைக்கு இன்னும் குறைத்துப் போடுவதே நியாயம். அகலம் 1.2 மீட்டர், சராசரி ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 61 லிட்டர் என்று வரும். எந்தப் பெருக்கெண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

நீர் மாதிரிக்கு ஓட்டத்தை எதிர்த்து நின்று, உங்கள் கால் கலக்கிய நீர் குப்பிக்குள் வராதபடி எடுக்க வேண்டும். அதே நீரால் குப்பியை மூன்று முறை அலசுங்கள். வெப்பம், கார அமில நிலை, மின்கடத்துத்திறன் மூன்றும் அங்கேயே அளக்க வேண்டியவை. ஆக்சிஜன் மாதிரியையும் அங்கேயே நிலைப்படுத்திவிட வேண்டும். 300 மில்லி குப்பியைக் காற்றுக்குமிழ் இல்லாமல் நீருக்குள்ளேயே நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடு அசைடையும் பிப்பெட் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விடுங்கள். பழுப்பு வீழ்படிவு சுருள்சுருளாக இறங்கினால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் நீரில் ஆக்சிஜன் இல்லை. ஊட்டி ஏரிக்குள் வரும் சாக்கடை வாயில் ஒருமுறை அந்த வெள்ளையைப் பார்த்தேன், அதன்பின் வேறு எந்தக் கருவியும் எனக்குத் தேவைப்படவில்லை. மின்னணுக் கருவி வைத்திருப்பவர்கள் அதில் உயரத்தையோ காற்றழுத்தத்தையோ உள்ளிட்டுச் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும்.

இந்த ஆக்சிஜன் கணக்கைக் கடலோரத்தில் ஆய்வு செய்யும் நண்பரிடமும் சொல்லிவையுங்கள். பிச்சாவரத்துச் சதுப்பில் உயரம் இல்லை, ஆனால் உப்பு இருக்கிறது. 20 டிகிரியில் நன்னீர் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், முழு உப்புள்ள கடல்நீர் சுமார் 7.4 மட்டுமே தாங்கும். மலையில் உயரத் திருத்தம், கழிமுகத்தில் உப்புத் திருத்தம். மோயாறும் பவானியும் சேர்ந்து காவிரி வழியாகக் கடலை நோக்கிப் போவதால், மேலே நீங்களும் கீழே அவரும் அளப்பது ஒரே நீர்வழியின் இரண்டு முனைகள்.

வேதிப்பொருள் வாங்க வசதி இல்லாதவர்கள் ஓடைக் கல்லைப் புரட்டிப் பாருங்கள். நீரோட்டத்தில் உள்ளங்கை அளவுக் கல்லை மெதுவாகத் தூக்கித் திருப்பினால் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடும் புழுக்கள் தெரியும். வயிற்றின் இரு பக்கமும் இறகுபோன்ற செவுள் துடிக்க, பெரும்பாலும் மூன்று வாலோடு இருப்பது மேஃபிளை. இரண்டே வாலோடு இருப்பது ஸ்டோன்ஃபிளை. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் இருப்பது கேடிஸ்ஃபிளை. இந்த மூன்றும் நிறையக் கிடைத்தால் ஓடை நன்றாக இருக்கிறது. சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்தால் கழிவு கலக்கிறது. எண்ணி முடித்ததும் கல்லை எடுத்தபடியே திருப்பி வையுங்கள்.

செடி

புல்வெளிக்கு 1 மீட்டர் சதுரச் சட்டம், மரங்களுக்கு 10 மீட்டர் சதுரம். இதிலும் மலைக்கு ஒரு திருத்தம் உண்டு. பரப்பளவு என்பது கிடைமட்டத்தில் அளப்பது. 30 டிகிரிச் சரிவில் கயிற்றைத் தரையோடு 10 மீட்டர் இழுத்தால் கிடைமட்டத்தில் 8.7 மீட்டர்தான் கிடைக்கும். 10 வேண்டுமானால் சரிவில் 11.5 மீட்டர் இழுக்க வேண்டும். மரச் சுற்றளவு 1.37 மீட்டர் உயரத்தில், சரிவின் மேல்பக்கம் நின்று அளக்க வேண்டும். எல்லோரும் ஒரே பக்கம் நின்றால்தான் எண்கள் ஒப்பிடத் தகும்.

பெயர் தெரியாத செடிக்குப் பெயர் வைக்காதீர்கள். 'புல் 3', 'புதர் 7' என்று எண் கொடுத்து, இலை, பூ, காய், தண்டின் அடி எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஆடு மேய்ப்பவருக்குத் தவிட்டுப்பழம் எந்தச் சரிவில் காய்க்கும் என்பது உங்கள் வழிகாட்டியைவிட நன்றாகத் தெரியும். சீகை என்று சொன்னால் அது இங்கே வாட்டில் மரம், சமவெளியில் தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய்க் கொடி இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அடையாளம் உறுதிசெய்யக் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பூவோடு பதப்படுத்திய மாதிரி கொண்டுபோனால்தான் அவர்களால் உதவ முடியும். அரிய செடி ஒன்றே ஒன்றுதான் நிற்கிறது என்றால் பறிக்காதீர்கள், படம் போதும்.

சதுப்புகளில் கால் வைக்கும்போது கவனம் வேண்டும். இங்குள்ள சதுப்புகளின் பீட் சேற்றை, அதாவது பாதி மக்கிய தாவரம் அடுக்கடுக்காகப் படிந்த சேற்றைப் படித்துத்தான், கடந்த 20,000 ஆண்டுகளில் இந்த மலையில் புல்லும் மரமும் எப்படி மாறிமாறி ஓங்கின என்று 1993இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கறுத்துக் குழைந்து கிடக்கும் அந்தச் சேற்றில் நீங்கள் தோண்டும் ஒரு குழி பல நூறு ஆண்டுப் படிவைக் கலைத்துவிடும். முதல் திட்டத்துக்கு அங்கே குழி தோண்டாமல், ஓரத்துச் செடிகளை மட்டும் கணக்கெடுங்கள்.

திரும்பி வருவது

தனியாகப் போகாதீர்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை மூன்றுக்குள் முடியுங்கள். அதற்குமேல் மூடுபனி இறங்கினால் பத்தடியில் நிற்கும் காட்டுமாடு தெரியாது. தேயிலைக்குள் இறங்கும் முன் குரல் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள், கோத்தகிரிப் பக்கம் கரடிக்கும் இதுவே. மழைக்காலத்தில் அட்டைக்கு, காலுறைக்குள் பேண்ட்டைச் செருகி மேலே உப்புத் துணி கட்டுங்கள். எங்கே போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், வந்ததும் வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள்.

எழுதும்போது

அன்றைய நோட்டை அன்றே படியெடுங்கள். பொருந்தாத எண் வந்தால் நீக்காமல், ஏன் பொருந்தவில்லை என்று குறிப்பு எழுதுங்கள். மூன்று சரிவில் பார்த்ததை மூன்று சரிவுக்கு மட்டும் சொல்லுங்கள். மாவட்டத்துக்கே நீட்ட வேண்டாம். உயரம், திசை, சரிவின் கோணம், எடுத்த மண்ணின் எடை, பயன்படுத்திய திருத்தம் எல்லாம் முறைப்பகுதியில் இருந்தால்தான் அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே இடத்தில் தொடர முடியும்.

ஆய்வேடு கட்டி முடித்தபின் ஒரு வேலை மீதியிருக்கிறது. மண் கொடுத்தவருக்கு ஒரே பக்கத் தாளில், தமிழில், அவர் பாத்தியின் எண்ணை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கேத்தி அம்மாவுக்கு நாங்கள் எழுதிய தாளில் நான்கே வரி இருந்தது. கீழ்ப்பாத்தியின் கார அமில நிலை, மேல்பாத்தியினுடையது, இரண்டின் கரிமம், சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்க வேண்டிய இடம். அவர் அதை மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், "அப்ப அந்த மூணாவது பாத்தி?" என்றார். அதில் நாங்கள் மாதிரியே எடுத்திருக்கவில்லை. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு மறுபடி இறங்கினோம்.